பொது மடலாடற்குழுக்களும் முகவரிக் காப்பும் – ஒரு வரலாற்று நோக்கு

மனிதர் ஒருவரோடொருவர் எழுத்தாற் கலந்துரையாடுவதற்கு முகவரி இன்றியமையாதது. எழுதியவர் யார், அவருக்கு மறுமொழி எங்கே அனுப்பப்படல் வேண்டும் என்பன அறியப்படாதவிடத்து எந்தக் கடிதமும் மொட்டைக் கடிதமாகி மதிப்பிழந்துவிடுகின்றது. ஆயினும் முகவரியை அறிந்தோர் யாவரும் நல்லோராயிருப்பர் என்பதற்கு உறுதியில்லை. வாசலிற் பெயர்ப்பலகை மாட்டியவன் நண்பனுக்கு வழிகாட்டுவது போலவே வேண்டாதவனுக்கும் வழிகாட்டிவிடுகின்றான். தபாற் காலத்தில் இம்முரண்பாடு பெரிதாக உணரப்படவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் முத்திரைச் செலவு இருந்தமையால், அறிமுகமற்ற பல்லாயிரவருக்கு வீணே எழுத எவரும் எளிதில் துணிந்திலர். மின்னஞ்சல் வழக்கிற்கு வந்தபின் அச்செலவு ஏறக்குறைய இல்லாதொழிந்தது. பத்துப் பேருக்கு அனுப்புவதற்கும் பத்து இலட்சம் பேருக்கு அனுப்புவதற்கும் இடையே அனுப்புவோனுக்கு ஏற்படும் செலவு வேறுபாடு மிகச் சிறிதாயிற்று. இந்நிலையில் முகவரியே விலைபோகும் பண்டமாயிற்று.

இம்மாற்றத்தின் தாக்கத்தை முதலிலும் மிகுதியாகவும் உணர்ந்தவை பொது மடலாடற்குழுக்களாகும். ஒரு பொருள் பற்றி உரையாட விரும்புவோர் ஒரே முகவரிக்கு எழுத, அதனை ஒரு கணனி உறுப்பினர் அனைவருக்கும் பிரித்தனுப்பும் ஏற்பாடே மடலாடற்குழு எனப்படுகின்றது. இத்தகைய குழுவுக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று, உறுப்பினரின் பெயர்ப்பட்டியல். மற்றொன்று, எழுதப்பட்ட மடல்கள் சேமித்து வைக்கப்படும் ஆவணக் காப்பகம். தொடக்கத்தில் இரண்டும் திறந்தே கிடந்தன. 'ஸ்பாம்' என்று வழங்கும் குப்பையஞ்சலை அனுப்புவோர் இவ்விரு வாயில்களாலும் நுழைந்து முகவரிகளைத் திரட்டியபோது, அவற்றை அடைக்கும் முயற்சிகள் தோன்றின. அம்முயற்சிகள் எவ்வாறு வளர்ந்தன, எவை பயன்தந்தன, அவற்றின்பொருட்டு அறிவுலகம் கொடுத்த விலை யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. நம்பிக்கைக் காலம்

ஐக்கிய அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆதரவில் 1969இல் தொடங்கிய ஆர்ப்பாநெற் வலையமைப்பிலே, 1971ஆம் ஆண்டு ரே ரொம்லின்சன் என்பார் ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனிக்கு அஞ்சல் அனுப்பும் முறையை உருவாக்கினார். பயனர் பெயரையும் கணனிப் பெயரையும் பிரித்துக்காட்ட 'அற்' எனப்படும் குறியை அவர் தேர்ந்தெடுத்தார். முன்னர் பெரும்பாலும் கணக்குப் புத்தகங்களிலும் விலைப்பட்டியல்களிலும் விலை குறிக்க வழங்கிய அக்குறி, மின்னஞ்சல் முகவரியின் அடையாளமாக நிலைபெற்றது. பிற்காலத்தில் முகவரி திருடுவோரின் நிரல்கள் முதலில் தேடியதும் இக்குறியையே என்பது இவ்விடத்து நினைவிற் கொள்ளத்தக்கது.

1975ஆம் ஆண்டு யூன் மாதத்தில், மின்னஞ்சலைப் பற்றியே மின்னஞ்சல்வழி உரையாடுவதற்கென ஸ்ரீவ் வோக்கர் என்பாரின் முயற்சியால் ஒரு மடலாடற்குழு ஆர்ப்பாநெற்றில் உருவாயிற்று. 'மெசேஜ் குறூப்' என்னும் பொருள்பட வழங்கிய அக்குழு, பின்னெழுந்த எல்லாக் குழுக்களுக்கும் முன்னோடியாகக் கருதப்படுகின்றது. அதே ஆண்டு நவெம்பரில் ஜோன் பொஸ்ரல் என்பார், 'கருத்துக் கோரல்' என்னும் ஆவணத் தொடரின் 706ஆம் இலக்கத்திலே குப்பையஞ்சற் பிரச்சினையைக் குறித்து எழுதினார். வேண்டாத செய்திகளை அனுப்பும் கணனி ஒன்றைத் தெரிந்து விலக்குவதற்குப் பெறுங் கணனிக்கு வழியில்லை என்பதே அவர் சுட்டிய குறையாகும். மடலாடற்குழு பிறந்த ஆண்டிலேயே அதன் நோயும் இனங்காணப்பட்டிருந்தமை வியப்புக்குரியது.

அந்நோய் வெளிப்பட மூன்றாண்டுகள் சென்றன. 1978 மே மாதத் தொடக்கத்தில், டிஜிற்றல் ஈக்குவிப்மென்ற் கோப்பரேசன் என்னும் கணனிக் கொம்பனியின் விற்பனை அலுவலர் கரி தேர்க் என்பவர், தமது கொம்பனியின் புதிய கணனிகளைக் காட்சிப்படுத்தும் கூட்டங்களுக்கு அழைப்பு விடுத்து, அமெரிக்காவின் மேற்குக் கரையிலிருந்த ஏறக்குறைய 400 ஆர்ப்பாநெற் பயனருக்கு ஒரே விளம்பர மடலை அனுப்பினார். கூட்டங்கள் கலிபோர்னியாவில் லொஸ் ஏஞ்சலிசிலும் சான் மற்றேயோவிலும் நடைபெறவிருந்தன.

இந்நிகழ்ச்சி குப்பையஞ்சலின் தொடக்கமாகப் பல நூல்களிற் பேசப்படுகின்றது. ஆயின் முகவரிக் காப்பின் வரலாற்றை ஆராய்வோர் கவனிக்கவேண்டியது, அம்முகவரிகள் எங்கிருந்து கிடைத்தன என்பதையேயாகும். ஸ்ரான்போர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் எலிசபெத் பைன்லர் தலைமையில் இயங்கிய வலையமைப்புத் தகவல் நிலையம், பயனரின் பெயர்களையும் முகவரிகளையும் தொகுத்து அச்சிட்ட விபரக்கொத்தாக வெளியிட்டு வந்தது. ஆய்வாளர் ஒருவரையொருவர் எளிதில் தொடர்புகொள்ளல் வேண்டும் என்னும் நன்னோக்கத்தோடு வெளியிடப்பட்ட அவ்விபரக்கொத்திலிருந்தே முகவரிகள் கையால் தட்டச்சுச் செய்யப்பட்டன. அஞ்சல் நிரல் ஏற்கும் எல்லையை அவை மீறியமையால், மிகுதி முகவரிகள் மடலின் உடற்பகுதிக்குள் வழிந்தோடின. விளம்பரத்தைத் திறந்தவர்கள் முதலிற் கண்டது பிறருடைய முகவரிகளின் நீண்ட வரிசையையே.

வலையமைப்பை நிருவகித்த பாதுகாப்புத் தொடர்பு முகவரகம், இச்செயல் விதிமீறல் எனக் கண்டித்தது. மேற்கூறிய மடலாடற்குழுவில் இதுபற்றி விவாதம் எழுந்தது. விளம்பரம் தடுக்கப்படல் வேண்டும் என்றனர் சிலர். தடையென்று தொடங்குவது பயனுள்ள செய்திகளையும் தடுப்பதில் முடியலாம் என்று வேறு சிலர் அஞ்சினர். விபரக்கொத்தையே மூடிவிடுவது அன்று முடிவாகவில்லை. அரசாங்க ஆதரவில் இயங்கிய சிறிய சமூகமாதலின், தவறு செய்தவரைக் கண்டிப்பதே போதிய காப்பாக அமைந்தது. குற்றம் செய்தவன்மீது பொறுப்புச் சுமத்தப்பட்டதேயன்றி, முகவரி உடையவன்மீது சுமத்தப்படவில்லை. இந்நிலை பின்னர் எவ்வாறு தலைகீழாயிற்று என்பதே இவ்வரலாற்றின் மையமாகும்.

2. பெயர்ப்பட்டியல் என்னும் வாயில்

1982ஆம் ஆண்டு ஓகஸ்டில் பொஸ்ரல் வெளியிட்ட எளிய அஞ்சல் மாற்று நெறிமுறை, இன்றுவரை மின்னஞ்சற் போக்குவரத்தின் அடித்தளமாக உள்ளது. அதில் இடம்பெற்ற இரண்டு கட்டளைகள் அக்காலத்து மனப்பான்மையைத் தெளிவாகக் காட்டுவன. ஒன்று, குறித்த பெயருடைய பயனர் இக்கணனியில் உளரா என வினவி உறுதிசெய்வது. மற்றொன்று, ஒரு மடலாடற்குழுவின் பெயரைக் கொடுத்து அதன் உறுப்பினர் யாவரையும் விரித்துரைக்குமாறு கேட்பது. கேட்பவர் யாரென்று வினவாமலே கணனி மறுமொழி கூறியது. வழுக்களைக் கண்டறியவும், போய்ச்சேராத மடல்களின் காரணத்தை ஆராயவும் இவை பெரிதும் உதவின.

இதே மனப்பான்மை மடலாடற்குழு நிரல்களிலும் நிலவியது. 1981இல் நியூயோர்க் நகரப் பல்கலைக்கழகமும் யேல் பல்கலைக்கழகமும் இணைந்ததாற் பிறந்த பிற்நெற் வலையமைப்பு, விரைவிற் பல நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. அதிலே குழுக்களைத் தானாக நிருவகிக்கும் 'லிஸ்ற்சேர்வ்' நிரலை 1986இல் பரிசில் மாணவராயிருந்த எரிக் தோமஸ் எழுதினார். ஒரு கட்டளையை மடலாக அனுப்பினால் குழுவின் உறுப்பினர் பட்டியல் மறுமடலாக வந்து சேர்ந்தது. 1992இல் பிரென்ற் சப்மன் உருவாக்கிய 'மேஜர்டோமோ' நிரலிலும், யார் உளர் என்று பொருள்படும் ஒற்றைச் சொல் அதே பணியைச் செய்தது.

இவ்வெளிப்படைத்தன்மையை அறியாமை எனக் கொள்ளுதல் தவறாகும். அதற்குத் தெளிவான பயன் இருந்தது. 1987இல் வில்லார்ட் மக்காட்டி ரொரன்ரோவிலிருந்து தொடங்கிய 'ஹியூமனிஸ்ற்' குழுவிலே, புதிதாகச் சேர்வோர் தம்மைப் பற்றியும் தமது ஆய்வைப் பற்றியும் எழுதிய குறிப்புகள் உறுப்பினரிடையே சுற்றுக்கு விடப்பட்டன. 1990இல் டொமினிக் வுயஸ்ரிக் நிறுவிய 'இந்தொலொஜி' குழுவிலே, சமஸ்கிருதம் தமிழ் முதலிய மொழிகளைப் பயில்வோர் கண்டங்கடந்து உரையாடினர். ஒரு சிறு நகரத்தில் நூலக வசதி குன்றிய ஆய்வாளர் ஒருவர், தமது துறையில் யார் யார் உளர் என்பதை அறிந்துகொள்ளவும், அவர்களுக்கு நேரே எழுதவும் உறுப்பினர் பட்டியல் வழிசெய்தது. பட்டியலைத் திறந்து வைத்தல் ஒரு கல்விப் பணியாகவே கருதப்பட்டது.

1989 ஒக்டோபரில் வெளியான இணையக் கணனிகளுக்கான தேவைகள் பற்றிய ஆவணம், உறுதிசெய்யுங் கட்டளை கட்டாயமாக இருத்தல் வேண்டுமென்றும், விரித்துரைக்குங் கட்டளை இருத்தல் விரும்பத்தக்கதென்றும் கூறிற்று. ஆயின் நிருவாகிகள் வேண்டின் இவற்றைச் செயலிழக்கச் செய்யலாம் என்னும் இடமும் அதில் விடப்பட்டது. வாயில் முதன்முறையாக ஒருக்களித்தது இங்கேயாகும்.

அதனை முற்றாக மூடத் தூண்டியது 1994ஆம் ஆண்டாகும். அவ்வாண்டு ஏப்பிரல் 12ஆம் நாள், அரிசோனா மாநிலத்து வழக்கறிஞரான லோரன்ஸ் கன்ரர், மார்தா சீகல் ஆகிய இருவரும், அமெரிக்காவில் நிரந்தரமாக வசிப்பதற்கான பச்சை அட்டைச் சீட்டிழுப்பைப் பற்றிய விளம்பரத்தை 'யூஸ்நெற்' என்னும் பொதுக் கருத்தாடல் வலையின் ஆயிரக்கணக்கான குழுக்களிற் பரப்பினர். எதிர்ப்புப் புயலென எழுந்தது. 1978ஆம் ஆண்டின் விற்பனை அலுவலருக்குக் கண்டனம் போதியதாயிற்று, இவர்களோ பின்வாங்கவில்லை. அதே ஆண்டில் இவ்வாறு விளம்பரஞ் செய்து செல்வமீட்டுவது எங்ஙனம் என்று நூலொன்றும் வெளியிட்டனர். நாணத்தைக் காவலாகக் கொண்ட சமூகத்துக்கு, நாணாதோர் முன்னிலையிற் காவலே இல்லை என்பது புலனாயிற்று.

இதன்பின் நிரல்களில் மாற்றங்கள் விரைந்தன. உறுப்பினர் பட்டியலைக் குழு உறுப்பினர் மட்டுமே காணலாம், அல்லது குழு நிருவாகி மட்டுமே காணலாம் என வரையறுக்கும் ஏற்பாடுகள் பொதுவழக்காயின. லிஸ்ற்சேர்வில் ஒருவர் தமது பெயரைப் பட்டியலிலிருந்து மறைத்துக்கொள்ளும் வசதியும் இருந்தது. 1999 பெப்ரவரியிற் சுவீடன் நாட்டுக் குணார் லின்ட்பேர்க் எழுதி வெளியான 2505ஆம் இலக்க ஆவணம், உறுதிசெய்தல், விரித்துரைத்தல் ஆகிய இரு கட்டளைகளையும் யார் பயன்படுத்தலாம் என்பதை நிருவாகிகள் கட்டுப்படுத்த வசதி இருத்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. பத்தாண்டுகளுக்கு முன்னர் கடமையாக விதிக்கப்பட்ட விருந்தோம்பல், இப்போது கட்டுப்படுத்தப்படவேண்டிய ஆபத்தாக மாறிற்று.

3. காப்பகம் என்னும் வாயில்

பெயர்ப்பட்டியலை மூடுதல் ஒப்பீட்டளவில் எளிது. அதனால் இழக்கப்படுவது சிறிது, காக்கப்படுவது பெரிது. ஆவணக் காப்பகத்தின் நிலை வேறு. மடலாடற்குழுவின் பயனிற் பெரும்பகுதி அதன் பழைய மடல்களிலேயே தங்கியுள்ளது. ஒருவர் கேட்ட ஐயத்துக்கு மற்றொருவர் அளித்த விடை, பத்தாண்டு கழித்து மூன்றாமவர் ஒருவருக்குப் பயன்படுதல் வேண்டுமாயின், அது பொதுவிடத்திற் கிடத்தல் வேண்டும்.

1994இல் ரொம் குரூபரும் கெவின் ஹியூசும் உருவாக்கிய 'ஹைப்பர்மெயில்' போன்ற நிரல்கள், குழு மடல்களை உலகளாவிய வலைப் பக்கங்களாக மாற்றின. 1995 டிசெம்பரில் 'அல்ராவிஸ்ரா' என்னும் தேடுபொறி தோன்றியது. அதே ஆண்டில் 'டெஜாநியூஸ்' யூஸ்நெற் மடல்களைச் சேமித்துத் தேடவும் வழிசெய்தது. ஒரு குழுவின் சில நூறு உறுப்பினருக்கென எழுதப்பட்டவை திடீரென உலகனைத்துக்கும் உரியவையாயின. ஒவ்வொரு மடலின் தலைப்பகுதியிலும் எழுதியவரின் பெயரும் முழு முகவரியும் பொறிக்கப்பட்டிருந்தன.

இங்கேதான் 'அறுவடை' என்னும் தொழில் பிறந்தது. 1978இல் மனிதர் கையாற் செய்த வேலையை இப்போது நிரல் செய்தது. அதன் இயக்கம் மிக எளியது. ஒரு பக்கத்தை எடுத்து, அதிலே 'அற்' குறியைத் தேடி, அதன் இருபுறமும் உள்ள எழுத்துக்களை முகவரியெனக் குறித்துக்கொண்டு, அப்பக்கத்திலுள்ள இணைப்புகள் வழியே அடுத்த பக்கத்துக்குச் செல்லும். பொருளறியும் ஆற்றல் அதற்குத் தேவையில்லை. பதினாயிரம் மடல்கள் கொண்ட காப்பகமொன்று அதற்கு முற்றி விளைந்த வயலாகும்.

இவ்வறுவடையின் அளவைச் சோதனைவழி நிறுவிய ஆய்வுகள் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 2002ஆம் ஆண்டு அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணைக்குழு, புதிதாக உருவாக்கிய 250 முகவரிகளை இணையத்தின் 175 இடங்களில் இட்டுக் காத்திருந்தது. வலைப் பக்கங்களிலும் கருத்தாடற் குழுக்களிலும் இடப்பட்ட முகவரிகளில் 86 சதவீதமானவற்றுக்குக் குப்பையஞ்சல் வந்தது. வாஷிங்ரனிலுள்ள ஜனநாயகத்துக்கும் தொழினுட்பத்துக்குமான நிலையம் 2003 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, தான் பெற்ற குப்பையஞ்சலில் 97 சதவீதத்துக்கு மேற்பட்டவை பொது வலைத்தளங்களிற் காணப்பட்ட முகவரிகளுக்கே வந்தன எனக் காட்டிற்று. முகவரியை நேரே எழுதாது, 'அற்' குறியைச் சொல்லாக விரித்தெழுதியவிடத்தும், வலைப்பக்கக் குறியீடுகளால் மறைத்தெழுதியவிடத்தும் குப்பையஞ்சல் எதுவும் வரவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிபாகும்.

4. முகமூடிகளின் காலம்

அவ்வாய்வுகள் வெளிவருமுன்னரே யூஸ்நெற் பயனர் பலர் தம் முகவரியைத் திரித்தெழுதத் தலைப்பட்டிருந்தனர். முகவரியின் இடையே குப்பையஞ்சல் வேண்டாம் என்று பொருள்படும் சொல்லைச் செருகி, மறுமொழி எழுதுவோர் அதனை நீக்கிக்கொள்ளுமாறு கேட்டனர். மனிதருக்கு இது விளங்கும், நிரலுக்கு விளங்காது. ஆயின் இம்முறை புதிய தீமைகளை விளைவித்தது. திரித்தெழுதிய பொய் முகவரி சிலவேளை வேறொருவருடைய உண்மையான களப்பெயராக அமைந்து, குப்பையஞ்சல் முழுவதும் அப்பாவி ஒருவர்மீது கொட்டப்பட்டது. 1999 யூன் மாதத்தில் 2606ஆம் இலக்க ஆவணம், செல்லாதது என்று பொருள்படும் ஈறு ஒன்றை எவருக்கும் வழங்கப்படாத களப்பெயராக ஒதுக்கிவைத்தது. தெளிவாகவே செல்லாதெனத் தோன்றும் களப்பெயர்களை அமைப்பதற்கென ஒதுக்கப்பட்ட அவ்வீறு, முகவரி திரிப்போருக்கும் பிறர்க்குத் தீங்கிழைக்காத வழியாயிற்று.

அடுத்த படியில், திரிக்கும் பணியைத் தனியாளிடமிருந்து காப்பகமே ஏற்றுக்கொண்டது. ஜோன் வீகா தொடங்கி, பின்னர் பலராலும் வளர்க்கப்பட்ட 'மெயில்மன்' நிரலின் காப்பகத்தில், முகவரியிலுள்ள 'அற்' குறிக்குப் பதிலாக அதன் ஒலிப்பைச் சொல்லாக எழுதும் வழக்கம் ஏற்பட்டது. 2001இல் டெஜாவின் சேமிப்பை வாங்கிய கூகிள் நிறுவனம், தனது குழுக்களில் முகவரியின் ஒரு பகுதியைப் புள்ளிகளால் மறைத்தது. 2002இல் நோர்வே நாட்டு லார்ஸ் மக்னே இங்கெபிறிக்ற்சன் தொடங்கிய 'ஜிமேன்' காப்பகம், முகவரிகளை மறையீடு செய்யும் வசதியை அளித்தது. வேறு சிலர் முகவரியைப் படமாக்கி இட்டனர். மனிதரையும் கணனியையும் வேறுபடுத்தும் சோதனைகளைக் கடந்த பின்னரே முகவரியைக் காட்டும் முறைகளும் எழுந்தன.

இவற்றின் குறைபாடுகளை மூவகைப்படுத்தலாம். முதலாவது, முகமூடி எவ்வளவு பரவலாகின்றதோ அவ்வளவு வலுவிழக்கின்றது. எல்லாக் காப்பகங்களும் ஒரே சொல்லால் 'அற்' குறியை மாற்றுமாயின், அறுவடை நிரலில் ஒரு வரியைக் கூட்டினாற் போதும், முகமூடி கழன்றுவிடும். இரண்டாவது, மறைப்பு நல்லோரையும் தடுத்தது. முகவரியைப் படமாக்கியபோது, எழுத்தை ஒலியாக்கும் கருவியால் வாசிக்கும் பார்வையற்றோர் அதனை அறிய இயலாதாயினர். மூன்றாவது, மூலப்பாடம் சிதைந்தது. நிரலாக்க மொழிகள் சிலவற்றில் 'அற்' குறிக்கு இலக்கணப் பயன் உண்டு. அத்தகைய மொழிகளைப் பற்றிய குழுக்களிலே, முகவரியல்லாதவற்றையும் முகவரியெனக் கொண்டு இயந்திரம் திருத்தியபோது, எழுதியவர் எழுதிய பாடம் காப்பகத்திற் பிழைபட்டது. ஏட்டுச்சுவடி படியெடுத்தோர் செய்த பிழைகளை ஆராய்வோருக்கு இது பழகிய நோய். படியெடுப்பவன் இங்கே இயந்திரம் என்பதே வேறுபாடு.

5. சட்டமும் பொறியும் வடிகட்டியும்

முகவரியுடையோர் தம்மை மறைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், பொறுப்பை மீண்டும் குற்றஞ்செய்வோன்மீது சுமத்தும் முயற்சிகளும் நடைபெற்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டுப் பணிப்பாணை, விளம்பர மின்னஞ்சலுக்குப் பெறுநரின் முன்னிசைவு வேண்டுமெனப் பொதுவிதியாக வகுத்தது. அவுஸ்திரேலியாவின் 2003ஆம் ஆண்டுச் சட்டம், முகவரி அறுவடை நிரல்களையும் அறுவடை செய்த பட்டியல்களையும் வழங்குதல், பெறுதல், பயன்படுத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தித் தடைகள் விதித்தது. 2003 டிசெம்பரில் ஒப்பமிடப்பட்ட அமெரிக்கச் சட்டம், முகவரிகளைப் பிறர்க்கு வழங்கமாட்டோம் என அறிவித்த தளங்களிலிருந்து இயந்திரவழி திரட்டி அனுப்புதலைக் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் செயலாகக் கொண்டது. ஆயினும் இணையத்துக்கு எல்லையில்லை, சட்டத்துக்கு எல்லையுண்டு. அறுவடை செய்தவன் எந்நாட்டில் உளன் என்பதை அறிவதே அரிதாயிற்று.

அதனை அறியும் பொருட்டு 2004இல் எழுந்த முயற்சியே 'தேன்குடத் திட்டம்' எனப் பொருள்படும் பெயருடைய ஏற்பாடாகும். இதன் உத்தி நுண்ணியது. வலைப்பக்கத்துக்கு வருவோர் ஒவ்வொருவருக்கும் வேறெவருக்கும் காட்டப்படாத புதிய முகவரி ஒன்று காட்டப்படும். பின்னர் அம்முகவரிக்குக் குப்பையஞ்சல் வருமாயின், அதனைத் திரட்டியவர் எந்நேரத்தில் எக்கணனியிலிருந்து வந்தார் என்பது ஐயமின்றித் தெரிந்துவிடும். மறைத்தற்கு மாறாக, முகவரியையே சாட்சியாக்கிய முறை இது. இத்திட்டத்தில் ஈடுபட்ட மத்தியூ பிரின்சும் லீ ஹொலோவேயும் பின்னர் 'கிளவுட்பிளேயர்' நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் இடம்பெற்றனர்.

இதற்கிடையில் முகவரிகள் கசியும் புதியதொரு வழியும் வெளிப்பட்டது. 2004 யனவரியிற் பரவிய 'மைடூம்' என்னும் கணனிப் புழு, தான் தொற்றிய கணனியிலுள்ள கோப்புகளைத் துருவி முகவரிகளைத் திரட்டியது. அவ்வாண்டு யூலையில் வந்த அதன் மற்றொரு வகை, மேலும் முகவரிகளைப் பெறத் தேடுபொறிகளையே வினவியது. மடலாடற்குழுவின் நோக்கில் இதன் பொருள் பாரதூரமானது. குழு மடல்கள் ஒவ்வோர் உறுப்பினரின் அஞ்சற்பெட்டியிலும் முழு முகவரியோடு கிடக்கின்றன. காப்பகம் எவ்வளவு கவனமாக முகமூடி அணிவித்தாலும், ஆயிரம் உறுப்பினருள் ஒருவருடைய கணனி தொற்றுண்டால், அக்குழுவில் எழுதியோர் பலரது முகவரிகள் வெளியேறிவிடும். இரகசியம் என்பது பகிர்ந்துகொண்டோருள் மிகவும் கவலையீனமானவரின் அளவுக்கே காக்கப்படும்.

இவ்வனுபவங்களால், முகவரி வெளிப்படுதல் தவிர்க்கவொண்ணாதது என்னும் முடிவுக்குப் பலர் வந்தனர். போல் கிரஹம் 2002 ஓகஸ்டில் எழுதிய கட்டுரை, மடலிலுள்ள சொற்களின் நிகழ்தகவைக் கணித்துக் குப்பையைப் பிரித்தறியும் முறையைப் பரவலாக்கியது. வடிகட்டிகள் திறன்பெறப் பெற, முகவரியை மறைக்கவேண்டிய நெருக்கடி தளர்ந்தது. எனினும் வடிகட்டியும் இலவசமன்று. அது தவறுதலாக விலக்கும் ஒவ்வொரு நல்ல மடலும், பெறுநர் அறியாமலே தொலைந்துபோன கடிதமாகும்.

6. இழப்பும் மதிப்பீடும்

2014 ஏப்பிரலில் நிகழ்ந்த ஒரு மாற்றம் இவ்வரலாற்றில் எதிர்பாராத திருப்பமாகும். அனுப்புநர் பெயரைப் பிறர் பொய்யாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் பொருட்டு, யாஹூ நிறுவனம், தனது முகவரியைத் தாங்கி வேறு கணனிகளிலிருந்து வரும் மடல்களைச் சரிபார்ப்பிற் தவறின் நிராகரிக்குமாறு உலகின் அஞ்சற் சேவையகங்களைக் கேட்கும் கொள்கையை அறிவித்தது. ஏ.ஓ.எல். நிறுவனமும் அதே மாதத்தில் அதனைப் பின்பற்றியது. மடலாடற்குழுவோ உறுப்பினர் ஒருவரின் பெயரிலேயே தன் கணனியிலிருந்து மடலைப் பிரித்தனுப்புவது. எனவே முறையான குழு மடல்களும் பொய்மடல்கள் போல நிராகரிக்கப்பட்டன. இதற்குப் பரிகாரமாகப் பல குழுக்கள், அனுப்புநர் முகவரி இருந்த இடத்திலே குழுவின் முகவரியை இட்டு, எழுதியவர் இன்னார், குழுவின்வழி அனுப்பியுள்ளார் எனக் குறிக்கலாயின. குப்பையஞ்சலை எதிர்த்த ஆயுதமே குழுமடலில் எழுதியவரின் முகவரியை அகற்றியது.

எல்லாக் குழுக்களும் இவ்வழியிற் செல்லவில்லை என்பதும் கூறப்படல் வேண்டும். லினக்ஸ் கருநிரலை உருவாக்குவோரின் மடல்கள் அவற்றின் முழு முகவரிகளோடு பொதுக் காப்பகத்திற் கிடக்கின்றன. ஒரு நிரற்பகுதியை யார் எழுதினார், யார் பரிசோதித்தார், அதிற் பிழை காணின் யாரிடம் வினவுதல் வேண்டும் என்பன அத்துறையின் அடிப்படைத் தேவைகள். குப்பையஞ்சலைச் சகித்துக்கொள்ளுதல், பொறுப்புக்குக் கொடுக்கும் விலையென அவர்கள் ஏற்றனர்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படும். முதலாவதாக, பெயர்ப்பட்டியலைக் காத்தமை நியாயமும் பயனும் உடையது. உறுப்பினராயிருந்து வாசிப்பவர், தாம் வாசிக்கின்றார் என்பதை உலகுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டவரல்லர். மடலாடற்குழுவின் அமைப்பிலேயே, பலருக்காக ஒரு முகவரி முன்னின்று ஏனையவற்றை மறைக்கும் பண்பு அடங்கியுள்ளது. அப்பண்பை மீட்டெடுத்தமையே பட்டியலை மூடிய செயலாகும்.

இரண்டாவதாக, காப்பகத்தில் எழுதியவரின் முகவரியை மறைத்தமை தற்காலிகமான நன்மையையும் நிலையான இழப்பையும் தந்தது. முகமூடிகள் சில ஆண்டுகள் பயனளித்தன என்பதைச் சோதனைகள் காட்டின. ஆயின் முகமூடியணிந்த காப்பகமொன்றில், இருபதாண்டுக்கு முன் அரியதொரு கருத்தை எழுதியவரைத் தேடும் ஆய்வாளருக்கு, அதே பெயருடைய பலருள் இவர் எவரென அறியும் சான்று அருகிவிட்டது. முகவரி என்பது மறுமொழிக்கு வழியாக மட்டுமன்றி, எழுதியவர் இன்னாரெனக் காட்டும் ஒப்பமாகவும் இருந்தது. அறுவடைக்காரன் திருடியது முகவரியை; சமூகம் தானாக இழந்தது அவ்வொப்பத்தை.

மூன்றாவதாக, பொறுப்பு இடம்மாறிய வரலாறு சிந்திக்கத்தக்கது. 1978இல் ஒரு மடலுக்காக அனுப்பியவர் கண்டிக்கப்பட்டார். 1999 அளவில், கணனியைச் சரிவர மூடிவைக்காத நிருவாகி குறைகூறப்பட்டார். பின்னர், முகவரியை அப்படியே எழுதிய தனிமனிதரே அறியாதவரெனப் பழிக்கப்பட்டார். திருடனுக்கு அஞ்சி ஊரார் தத்தம் பெயர்ப்பலகைகளைக் கழற்றியபின், பலகை மாட்டியவனே குற்றவாளி எனப் பேசப்படுதல் இயல்பாகிவிடுகின்றது. இம்மனமாற்றம் தொழினுட்ப மாற்றத்திலும் கூடிய கவனத்துக்குரியது.

ஆதலின், பொதுக் கருத்தாடற் குழுக்களை இனி அமைப்போர் வாசிப்போரின் மறைவுரிமையையும் எழுதுவோரின் அடையாளத்தையும் வேறுவேறாகக் கருதுதல் வேண்டும். முன்னதை முற்றாகக் காத்தல் கடன். பின்னதை எழுதுபவரே தெரிந்துகொள்ள விடுதலும், மூலப்பாடத்தையும் எழுதியோர் விபரத்தையும் வருங்கால ஆய்வாளருக்கெனச் சிதையாது சேமித்தலும் வேண்டும். கல்வெட்டிற் கொடையாளியின் பெயரைத் தேடுவோர், எழுத்துத் தேய்ந்த இடத்தைக் கண்டு வருந்துவர். பொது மடலாடற்குழுக்களின் காப்பகங்களிலே அத்தேய்வைக் காலம் செய்யவில்லை. நல்ல நோக்கோடு மனிதரே செய்தனர்.